ஜப்பான்காரன் காலத்துக் கூறைப் புடவை

யுத்த காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், நான் விலைவாசியைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். கேட்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. பர்மாவில், தாகேதா பேட்டையில் இப்போது நான் இருக்கும் வீட்டில் பேரன் பேத்திகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. அவர்கள் பர்மியில் கேட்பார்கள், நான் தமிழில் சொல்வேன். "காலையில் கேட்ட விலை சாயங்காலம் இருக்காது. கூடை நிறைய ஜப்பான் நோட்டு கொண்டுபோனால் கை நிறைய உப்பு வரும்" என்பேன். "இப்போதும் அப்படித்தானே இருக்கிறது" என்று சிரிப்பார்கள். அதோடு பேச்சு எண்ணெய் விலைக்குப் போய்விடும். எனக்கும் நிம்மதி.

விலைவாசி தீர்ந்தால் கப்பல் கதை. ரேடியோ வைத்திருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் வந்து, வேறு ஊர் பேச்சு கேட்காதபடி பெட்டியைத் திருகி முத்திரை போட்டுவிட்டுப் போனார்கள். செய்தி வேண்டுமானால் நகர நடுவே கியாக்டடாவில் சுலே பயா புத்தர் கோயில் பக்கம் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நிற்க வேண்டும். தினமும் எதிரியின் கப்பல்கள் மூழ்கும். இலவசமாகக் காட்டிய சினிமாவிலும் அதே கப்பல்கள் மறுபடி மூழ்கும். "மூழ்கினதையெல்லாம் கூட்டிப் பார்த்தா கடல்ல தண்ணிக்கு இடமே இருக்காதே" என்று அப்பா வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொல்வார். வெளியே சொன்னால் தொலைந்தோம். கப்பல் மூழ்கிக்கொண்டே இருந்தது, எங்கள் தலைக்கு மேல் விமானமும் வந்துகொண்டே இருந்தது. இதையும் சொல்லிவிடுவேன்.

சொல்லாமல் விடுவது துணியைப் பற்றி. அதைத் தொட்டால் அந்தப் புடவைக்கு வந்துவிடுவேன். வந்தால் முகம் சுட்டுவிடும். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்த வயதிலும் வெட்கம் விடவில்லை என்றால் அது என்ன ஜாதி வெட்கமோ தெரியவில்லை.

அப்போது நாங்கள் இதே ஊரில் தாமுவே பேட்டையில் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் தெரு விளக்கு வேலை. விளக்கு எரியவே கூடாத ஊரில் விளக்கு வேலைக்காரனுக்கு என்ன சம்பளம் கிடைக்கும்? காலையில் போய்க் கம்பத்தை எண்ணிவிட்டு வருவதாக அம்மா கேலி செய்வாள். ஜப்பான்காரன் வருகிறான் என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு நடந்தபோது எனக்கு விஷக்காய்ச்சல். அதனால் நாங்கள் நடக்கவில்லை. அத்தைக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையன் நடந்தான். அவன் போய்ச் சேர்ந்தானா, வழியில் போய்ச் சேர்ந்தானா என்று ஒரு தகவலும் இல்லை. அத்தை அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் நிமிர்ந்து பார்ப்பாள்.

துணி என்பது ஊரில் இல்லை. கடையில் இல்லை, கள்ளச் சந்தையில் இருந்தது, அதை வாங்க எங்களிடம் எதுவும் இல்லை. ஜன்னல் திரை எனக்குப் பாவாடையானது. அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து வெளியே கட்டிப்போக ஒரே ஒரு புடவை. ஒருத்தி போனால் மற்றவள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே இருப்பாள். சாக்கு அரித்து இடுப்பெல்லாம் தடித்துப்போகும். அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் நான் தெருவில் பார்த்ததில்லை. யாராவது வந்து கதவைத் தட்டினால், புடவை யார் உடம்பில் இருக்கிறதோ அவள்தான் திறப்பாள்.

இவ்வளவு தரித்திரத்திலும் எங்களுக்கு ஒரு பவிசு இருந்தது. அம்மன் கோயில் துணிப்பெட்டிச் சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது.

அம்மனுக்கு வேண்டிக்கொண்டு புடவை சாத்துவது எங்கள் ஜனங்களின் வழக்கம். சாத்திய புடவைகளைத் திருவிழா முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அம்மன் கட்டிய புடவை என்று போட்டி போட்டு எடுப்பார்கள். யுத்தம் வந்ததும் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். விட்டால் கள்ளச் சந்தைக்காரன்தான் எடுப்பான் என்று கோயில் பெரியவர்கள் பயந்தார்கள். ஆக, ஊரில் பெண்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அம்மன் பெட்டியில் புடவைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார்.

கோயில் மண்டபத்தில் ஒரு தடவை நாடகம் போட்டார்கள். ராஜாவுக்குக் கொசுவலையில் அங்கவஸ்திரம். ராணி வேஷக்காரருக்குப் புடவை இல்லை. பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று கொடுங்கள், ஆட்டம் முடிந்ததும் தந்துவிடுகிறோம் என்று அப்பாவிடம் கெஞ்சினார்கள். "சாமி சொத்துல கை வைக்கச் சொல்றியா?" என்று அப்பா போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கிவிட்டது. ராணி கடைசியில் தமெய்ன் கட்டிக்கொண்டு வந்தாள், அதாவது பர்மாக்காரப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி. நாடகத்தைவிட அப்பா போட்ட சத்தத்தைத்தான் ஊர் அதிகம் பேசியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததால் பீற்றிக்கொள்ள ஆள்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சத்தம்தான் அத்தைக்கு ஒரு வரனைக் கொண்டுவந்தது. மாப்பிள்ளைப் பையனை ஜப்பான்காரர்கள் சயாம் பக்கம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். இவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்துவிட்டான். அப்பன் துறைமுகத்தில் முதல் குண்டு விழுந்த அன்றே போய்விட்டார். அவனுக்கு அம்மா மட்டும்தான். "நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். அம்மன் பெட்டிச் சாவி வச்சிருக்கிற வீட்டுப் பொண்ணுன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்று அந்த அம்மாள் சொன்னதாகத் தகவல் வந்தது.

அத்தைக்கு அது கடைசி வாசல் மாதிரி. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பெண் பார்க்க வருகிறோம் என்று நாளும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் இருப்பது ஒரே புடவை என்கிற விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்தால், வந்தவர்களை வாங்க என்று சொல்ல அம்மாவால் அறையை விட்டு வெளியே வர முடியாது.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மாக்கார அம்மாள் இருந்தாள். அவள் புருஷன் தமிழர். அவளுக்குத் தமிழ் அரைகுறையாக வரும், மனசு முழுசாக இருந்தது. சேதி தெரிந்ததும் தன்னிடமிருந்த நல்ல தமெய்ன் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பொண்ணு இது கட்டு. அழகு வரும். என்ன தப்பு?"

"தப்பில்லைங்க. எங்க சனத்துல பொண்ணு பார்க்க வர்றப்ப சேலைதான் கட்டணும். தமெய்ன் கட்டி நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள் அம்மா.

"நாலு பேரும் சாக்குதானே கட்டிருக்கு?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் நீட்டிய துணியைக் கையால் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டாள். நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம் அது. அதை வாங்கியிருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் அப்பா அரிசிப் பையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். அரிசி கிடைத்துவிட்டது என்று நான் ஓடினேன். கதவைச் சாத்தச் சொன்னார். பைக்குள்ளிருந்து அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை போட்ட ஒரு பட்டுப் புடவை வந்தது. கற்பூர வாசனை அறை முழுக்கப் பரவியது. கேட்காமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஐயையோ, அம்மன் புடவையா?" என்றாள் அம்மா.

"கத்தாதே. ஒரு நாளைக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்ப வச்சிருவேன்."

"சாமி குத்தம் ஆயிருங்க."

"புதுசையெல்லாம் நான் தொடலை. இது பழசு. யாரோ கட்டித் தேய்ஞ்சதைக் கொண்டாந்து சாத்தியிருக்காங்க. இருக்கிறதிலேயே மட்டம் இதான். சாமிக்கு இதுல என்ன குறை வந்துரப் போவுது?"

அம்மாவின் கை புடவையைத் தடவிக்கொண்டிருந்தது, எடுக்க மனசு வரவில்லை. நாங்கள் துணியைத் தொட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! நானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தை மட்டும் தள்ளி நின்றாள். "அண்ணே, வேண்டாமே" என்றாள் ஒரு தடவை. அப்பா அவளைப் பார்க்காமல், "எல்லாம் உனக்காகத்தான்" என்றார்.

பிரித்துக் கட்டிப் பார்த்தபோது முந்தானையில் பச்சை நூலால் இழை ஓட்டிய இடம் ஒன்று தெரிந்தது. நெருப்புப் பொறி பட்டு ஓட்டையானதை யாரோ இலை மாதிரி பொறுமையாகத் தைத்திருந்தார்கள். "சாமிக்கே கிழிசலைக் குடுத்திருக்கா பாரு, எந்த மகராசியோ" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். தையலை மறைக்க முந்தானையை உள்பக்கமாக மடித்துச் செருகினோம்.

பெண் பார்க்க வந்தார்கள். டிராம் ஓடாததால் கியாக்டடாவிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். பையனுக்கு இரவல் சட்டை, தோளில் தொங்கியது. பையனின் அம்மாள் வெளுத்துப்போன ஒரு தமெய்ன் கட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். அம்மாவின் கண் முதலில் அந்தத் தமெய்னுக்குத்தான் போனது. என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "மாப்பிள்ளைக்கு அம்மான்னு வர்றவ இப்படியா வருவா? ஒரு சேலைக்குக் கூடவா வக்கில்லை?" என்று காதில் சொன்னாள். அவள் குரலில் பயம் போய் ஒரு தெம்பு வந்திருந்தது. எனக்கும் வந்தது. அவர்கள் நம்மைவிடக் கீழே என்று அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அத்தை தேநீர்த் தட்டோடு வந்தாள். வெல்லம் போட்ட வெறும் தேநீர், பால் ஏது? அரக்குப் புடவையில் அவள் நின்றதைப் பார்த்துப் பையன் குனிந்துகொண்டான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அந்த அம்மாள் மட்டும் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பட்டு. இந்தக் காலத்துல எங்க கெடைச்சது?" என்று கேட்டாள்.

"யுத்தத்துக்கு முன்னாடி எடுத்ததுங்க. என் கல்யாணத்துக்கு அடுத்த வருசம்" என்றாள் அம்மா. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அப்பா கூரையைப் பார்த்தார்.

"பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ" என்று அம்மாவே சொன்னாள். அத்தை குனிந்து விழுந்தாள். செருகியிருந்த முந்தானை நழுவித் தரையில் விரிந்தது. அந்த அம்மாள் அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். அந்தக் கை பச்சை நூல் தைத்த இடத்தில் போய் நின்றுவிட்டது. பெருவிரலால் அந்த இலையை மெள்ளத் தடவினாள். நம் கையால் தைத்ததை நாம் எப்படித் தடவுவோமோ அப்படி.

பையன்தான் ஒன்றும் தெரியாமல், "அம்மா, இது உன்..." என்று ஆரம்பித்தான். அவள் அவன் முழங்காலை அழுத்தினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

மீதிக் கதை அத்தைக்குப் புகுந்த வீட்டு அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்தது, பிற்பாடு அத்தை சொல்லி நான் கேட்டேன். மகனைப் பிடித்துக்கொண்டு போனபோது அந்த அம்மாள் அம்மனிடம் ஓடியிருக்கிறாள். புதுப் புடவை வாங்க வழியில்லை. தன் கல்யாணத்துக் கூறைப் புடவையை மஞ்சள் தண்ணீரில் அலசி, "எங்கிட்ட இருக்கிற புடவை இது ஒண்ணுதான் தாயே" என்று பூசாரியிடம் கொடுத்துவிட்டு, தன் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரப் பெண் கொடுத்த தமெய்னைக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். நாங்கள் தொட மறுத்ததை அவள் கும்பிட்டு வாங்கிக் கட்டியிருக்கிறாள். அம்மா சிரித்தது அவள் தையலைப் பார்த்து. அம்மா கேட்டது அவளுக்குச் சேலைக்கு வக்கில்லையா என்று.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருடைய கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று. மறைக்கப் போனதா, அவிழ்க்கப் போனதா என்று தெரியவில்லை. அந்த அம்மாளும் அந்தச் சாவியைப் பார்த்தாள். இப்போது எழுந்து போய்விடுவாள், போகிற வழியில் கோயிலில் நின்று சொல்லுவாள், நாளைக்கு ஊரே வாசலில் நிற்கும் என்று நான் நடுங்கினேன். அத்தை விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரிம்மா" என்றாள் அந்த அம்மாள். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை.

"தம்பி, கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுலதானே கொண்டாரணும்? எங்கிட்ட வேற புடவை இல்லை, எப்படிக் கொண்டாரப் போறோம்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். அது எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு. இதுவே இருக்கட்டும். இதைக் கட்டிக்கிட்டே தாலி ஏறட்டும்."

அப்பா வாயைத் திறந்தார். "அக்கா..." என்று எழுந்து நின்றார். அம்மா அடுப்படிக்குள் போய் வெளியே வரவே இல்லை. வெற்றிலையை அந்த அம்மாளே எடுத்து மாற்றிக்கொண்டாள்.

விமானம் வருவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்று காலையிலேயே எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்தது. பந்தல் இல்லை, மேளம் இல்லை. அத்தை அரக்குப் புடவையில் உட்கார்ந்து அழுதுகொண்டே தாலி வாங்கிக்கொண்டாள். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கல்யாணம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். வழியில் குண்டு விழுந்த பள்ளங்கள் இருந்ததால் எப்போதும் போல என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டி இருந்த அறை வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அதே வெளுத்த தமெய்ன். கையில் அரக்குப் புடவை, அலசி உலர்த்தி, மஞ்சள் தெளித்து மடித்தது.

"சாமிக்குக் குடுத்தது. சாமிகிட்டேயே இருக்கட்டும் தம்பி. பெட்டியில வச்சிருங்க."

இரண்டாவது தடவையாக அவள் அதைக் கொடுத்தாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். பூட்டைத் திறந்தார். அவள் பெட்டியைப் பார்க்காமல் அம்மன் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு அப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் முன்னால் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்குங்க அக்கா. பெரியவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

உள்ளதைச் சொன்னால் அத்தை போன இடத்தில் எப்படித் தலை நிமிர்ந்து வாழ்வாள்?

"யார்கிட்டயாவது இருக்கணும்ல தம்பி. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. அத்தையைக் கடைசிவரை மகள் மாதிரி வைத்துக்கொண்டாள், புடவையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அப்பாவுக்குத்தான் அந்தச் சாவியை இறக்கி வைக்க வழியில்லாமல் போயிற்று. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், ஜப்பான் நோட்டெல்லாம் குப்பையானது, கடைகளில் துணி வந்தது, ஏலமும் மறுபடி தொடங்கியது. ஊர் அப்பாவை நம்பிக்கொண்டே இருந்தது. சாகும்வரை அது அவர் இடுப்பில்தான் கிடந்தது. யாராவது, "உங்ககிட்ட இருக்கிறவரைக்கும் சாமி சொத்துக்குக் கவலை இல்லை" என்று சொல்லும்போது அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை சாவியை மறுபடி கயிற்றில் முடிந்துகொண்டு அப்பா வெளியே வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். அதே தெரு, அதே பள்ளங்கள். வீடு வரைக்கும் அப்பா என் கையைப் பிடிக்கவில்லை. நானும் நீட்டவில்லை.